பிரிவுபசாரப் படம் எடுத்த லென்ஸ்

அன்புள்ள மச்சினனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். என் மீதான புகார்களும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கின்றன. உன் அக்கா தொலைபேசியில் ஒரு கதை சொல்லியிருப்பாள். நடந்ததை நான் சொல்கிறேன்.

அவள் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அன்று, ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்த போட்டோகிராபர் காய்ச்சலில் படுத்துவிட்டார். என் தோளில் கேமரா தொங்கியது. அதில் மாட்டியிருந்த லென்ஸ் நான் பிறப்பதற்கு முன்பே செய்தது; தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. நடுவில் இருப்பவர் சிலைபோலத் தெரிவார், சுற்றியிருப்பதெல்லாம் சுழித்துக்கொண்டு போகும். அதுதான் அதன் குணம். இந்தக் காலத்து லென்ஸுக்கெல்லாம் குணம் ஏது?

வராந்தாவில் மூன்று வரிசையாக இருபத்திரண்டு பேர் நின்றார்கள், நடு நாற்காலிக்குரிய பெரிய டாக்டரை அந்த நேரம் பார்த்து ஆபரேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், காலி நாற்காலியைப் படம் எடுத்தால் நன்றாகவா இருக்கும், உன் அக்காவை நகர்ந்து உட்காரச் சொன்னேன், அவளோ ஓரமாக நின்ற சலவைப் பிரிவு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அதில் உட்காரவைத்தாள், நிர்வாக அதிகாரி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்து கோடியில் நின்றார், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன்.

படத்தில் சலவை அம்மாவின் நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். பக்கத்திலிருந்த உன் அக்காவுக்கு ஒரு கண் மட்டும் தெளிவு. நிர்வாக அதிகாரி வாஷிங் மெஷினுக்குள் போன போர்வை மாதிரி இருந்தார். தான் எங்கே என்று அவர் கேட்டார், காட்டினேன், கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே போய்விட்டார். உன் அக்கா இரண்டு நாள் தட்டு வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் சலவை அம்மா தன் பிரதியைக் கேட்டு வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடியே வெகுநேரம் பார்த்தார்.

"முப்பது வருஷமா எல்லா குரூப் போட்டோலயும் என் பாதித் தோள்தான் சார் இருக்கும். இதுலதான் நான் முழுசா இருக்கேன்."

உன் அக்கா போய் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தாள். படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு, "உங்க லென்ஸுக்கு ஆளைத் தெரியுது" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் சாமான் ஒன்றை அவள் பாராட்டியது இதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை, போ.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் வீட்டு விசேஷத்துக்கு வேறு ஆளைப் பேசிவிடாதே.

உன் அன்புள்ள
அத்தான்

பி.கு.: துடைக்கக் கொடுத்த லென்ஸை வாங்க இப்போதுதான் ரிப்பேர் கடைக்குப் போய்வந்தேன். இந்த லென்ஸுக்குச் சுழற்றும் குணமெல்லாம் கிடையவே கிடையாதாம். முன்கண்ணாடியை எவனோ முன்பின்னாகத் திருப்பி மாட்டியதால் வந்த சுழிப்பாம். போன வருஷம் அதைக் கழற்றி மாட்டியவன் நான்தான். சரியாகப் போட்டுத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். கையை வைக்காதீர்கள் என்று அப்படியே வாங்கி வந்துவிட்டேன். உன் அக்காவிடம் மூச்சு விடாதே.