எறியத் தெரியாத கட்டிங் மாஸ்டர்

எங்கள் கட்டிங் மாஸ்டரைப்போல வெட்டத் தெரிந்தவர் திருப்பூரிலேயே கிடையாது. வெட்டியதை எறியத் தெரியாதவரும் அவரைப்போல் கிடையாது.

அறுபதுகளில் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். ஒரே பனியன் கம்பெனி. எனக்குத் தையல் மெஷின், அவருக்குக் கட்டிங் மேஜை. துணியில் விரல் அகலம் வீணானால் அன்று சோறு இறங்காது அவருக்கு. கழுத்து வெட்டிய துண்டைத் தூக்கிக் காட்டி, "இதுல கொழந்தைக்கு ஒரு ஜட்டி வருமுங்க" என்பார்.

லைனுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, முல்லை வைத்திருந்தார். கவாத்து செய்வார். வெட்டிய குச்சியெல்லாம் திரும்ப மண்ணுக்குள் போகும். ஒரு அரளி ஒரு வரிசையாகும். கொடிகளை வேஸ்ட் பனியன் துணியில் கட்டுவார். தூரத்திலிருந்து பார்த்தால் செடிகளெல்லாம் அடிபட்டுக் கட்டுப் போட்டு நிற்கும். தபால்காரர் தெருவிலேயே நின்று கூப்பிடுவார். "உள்ள வந்தா வெளிய வர வழி தெரியலீங்க!"

வீட்டுக்காரர் வந்தார். "மாஸ்டர், தோட்டத்தைப் பாதியாக் கொறைங்க."

"ஆகட்டுங்க."

சொன்னபடி வெட்டினார். குச்சிகளை நட்டார். ஐப்பசி மழை பிடித்தது. அத்தனையும் துளிர்த்தது.

வீட்டுக்காரர் திரும்ப வந்து மலைத்து நின்றார். "இதுதான் பாதியாங்க?"

"ஒவ்வொண்ணும் பாதி ஒசரந்தானுங்க. வேணும்னா அளந்து பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. "தை பொறந்ததும் இங்க ரெண்டு ஊடு கட்டறேன். அதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துருங்க."

மறுநாள் மாஸ்டர் என்னிடம் சொன்னார். "தோட்டம் போனா நான் சொந்த ஊரு மூலனூருக்கே போயிர்றனுங்க." விளையாட்டில்லை. அவர் மனைவி பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லைனே இறங்கியது. அவர் வெட்டினார், நாங்கள் நட்டோம். கிரீஸ் டப்பா, ஓட்டைக் குடம், உடைந்த பானை, எதையும் விடவில்லை.

"ஏனுங்க, குளிக்கற வாளியாச்சும் உட்டு வைங்க!" என்று அவர் மனைவி கத்தினார். அதிலும் முல்லை வைத்தாயிற்று.

காலி இடம் மொட்டையானது. எங்கள் வாசல்கள் தோட்டமாயின. ஊருக்குக் கட்டிய பாத்திரத்தில் இரண்டு செம்பருத்தி.

"இத்தனையும் உட்டுட்டு எப்பிடீங்க போறது?" என்றார் மாஸ்டர். போகவில்லை.

புது வீடுகள் எழும்பின. வாடகைக்கு வந்தவர்கள், "பூ லைன்ல ஊடு காலிங்களா?" என்றுதான் கேட்டார்கள். புது வீட்டு வாசலைக் காட்டினால் முகம் சுளித்தார்கள். கடைசியில் வீட்டுக்காரரே வந்து நின்றார்.

"மாஸ்டர், அந்த ரெண்டு வாசலுக்கும் ஏதாச்சும்..."

மாஸ்டர் கத்தரியைக் கையில் எடுத்தார். "பாதி போதுங்களா, முழுசா வேணுங்களா?"

பூ லைனில் இருந்தவன் என்று இன்றும் நிமிர்ந்துதான் சொல்வேன்.

மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வாரம் என் வாசல் அரளியைக் கவாத்து செய்தேன். குச்சிகளை எறியக் கை வரவில்லை. இப்போது என் வீட்டில் குளிக்க வாளி இல்லை.