எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நேர்காணல்

அன்புள்ள மைத்துனருக்கு, உன் பெரியக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது.

அங்கே எல்லோரும் சுகம் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். சுகமில்லாவிட்டாலும் கொஞ்சம் பொறு, முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேள்.

நான் துணி தோய்க்கிற எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் வேலை காலி. கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, கை நனையாத உத்தியோகம். அதற்கு நம்ம சகலை, அதான் உன் சின்னக்கா வீட்டுக்காரர், தலை வாரியே பாதி ஆயுளைக் கழித்த சீப்புக்காரர், தயாராகிறாராம். செருப்புக் கடையில் நிற்கிற மனுஷன், நனைந்த படுக்கைவிரிப்பை ஒருநாள் தூக்கிப் பார்த்திருப்பாரா? போகட்டும், எனக்கென்ன பொறாமை? நான் பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே கும்பிடு போட்டவன், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குத் தலைதான் சுற்றும். என் கோபமெல்லாம் உன் பெரியக்கா மேல். சாயங்காலமானால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு சாப்பாட்டு மேஜையில் பெரிய அதிகாரி மாதிரி உட்கார்ந்துடறா. சகலை வெளியே போய்க் கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா அம்மா?"ன்னு கேட்கணும். நேற்று தாழ்ப்பாள் தானா விழுந்துடுச்சு, மழையில நின்னுக்கிட்டே "வரலாமா, வரலாமா"ன்னு கத்தறார், இவளோ பாடம் நல்லா படியுதுன்னு தலையாட்டறா! பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ஏங்க, தங்கச்சி புருஷனைத் துரத்திட்டீங்களா?"ன்னு கேட்டுட்டாங்க. மேஜை போனதால எனக்குச் சாப்பாடு சமையலறையில, நின்னபடி. அவருக்குப் பாலாடை மிதக்கிற டீ, எனக்குப் பாத்திரம் கழுவின மாதிரி ஒண்ணு.

"வேலை செய்றவங்க ரெண்டு பேர் சண்டை போட்டா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்கறா. இவர், "டீ குடிக்க அனுப்பிடுவேன்"கிறார். எனக்குப் பொறுக்கலை மாப்ளே. "அப்ப துணியை உங்க மாமனாரா தோய்ப்பாரு? ஒருத்தனை மிஷினுக்கு அனுப்புங்க, இன்னொருத்தனை மடிக்கிற மேஜைக்கு அனுப்புங்க, மதியத்துக்குள்ள தானா பேசிக்குவாங்க!"ன்னு உள்ளேயிருந்து கத்தினேன். உன் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கலை. அவரைப் பார்த்து, "சபாஷ், தைரியமா பேசறீங்க"ங்கறா. பதில் என்னுது, சபாஷ் அவருக்கு! கல்யாணமான நாள்லேருந்து அந்த வார்த்தை அவ வாயில இருந்ததே எனக்குத் தெரியாது. நீ உடனே போன் போட்டு, "அக்கா, வீட்டை வீடா வை"ன்னு ஒரு வார்த்தை சொல்லு. தம்பி சொன்னா கேட்பா.

உன் பிள்ளைகள் உன்னைப் போல் குண்டாகாமல் நூறாண்டு வாழட்டும். உன் மனைவிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
நின்றபடியே சாப்பிடும் உன் அத்தான்.

பின்குறிப்பு: போன் கீன் போட்டுத் தொலைச்சுடாதே! கடிதத்தை ஒட்டுறதுக்குள்ள விஷயம் தலைகீழாப் போச்சு. சகலை எந்த வேலைக்கும் போகலையாம். மனு போட்டது உன் அக்கா, என் பேர்ல. நாளைக்கு நேர்காணல் எனக்குத்தான். "உங்களை நேரா உட்கார வெச்சா ஓடிடுவீங்க. அடுத்தவருக்கு நான் சொல்லிக் கொடுத்தா உங்க வாய் சும்மா இருக்காதே, அதான் இந்த நாடகம்"ங்கறா. சகலை சிரிச்சுக்கிட்டே, "அண்ணே, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு, இனிமே நீங்க தட்டுங்க கதவை"ன்னுட்டுப் போயிட்டார். "உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டா என்னடி சொல்றது?"ன்னு கேட்டேன். "அதை மட்டும் நீங்களே சொல்லுங்க. நான் நினைக்கிறதைச் சொல்லிக் கொடுத்தா, பெருமையடிக்கிறான்னு அனுப்பிடுவாங்க"ன்னுட்டா.