பதினோராம் நாளும் அடங்காத நுரை

நாலாம் நாளே அடங்கியிருக்க வேண்டிய வாளி ஏழாம் நாளும் அடங்கவில்லை.

பத்மநாதன் தபால் பிரிக்கும் வேலையில் காலை ஷிப்ட் முடித்து வந்தவன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடி, சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரியைத் திறந்தான். வெள்ளை வாளியின் மூடி, எண்ணெய்க்குள் விழுந்த பூரிபோல உப்பியிருந்தது. மூடியில் செருகிய காற்றுக் குழாய்க்குள் நுரை ஏறி அடைத்து, ஓரத்தால் வழிந்து, மடித்து வைத்த துவாய்களை நனைத்திருந்தது.

"இஞ்சாருங்கோ," சிவகௌரி கீழேயிருந்து கேட்டாள். "உந்தப் பசை இன்னும் ஊறி முடியேல்லையோ?"

"ஊறுது, ஊறுது."

அது பசை இல்லை. ஐந்து கேலன் பியர்.

பியருக்குக் காரணம் மாமனார். அம்பலவாணர் ஊரில் முப்பது வருடம் மதுவிலக்குச் சங்கத் தலைவராக இருந்தவர். எண்பத்தெட்டுச் சித்திரையில் லண்டனில் வந்து இறங்கியவர், இனி எந்த மகளோடு இருப்பது என்பதை இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரெய்னர்ஸ் லேனில் இளையவள் சிவகௌரியோடா, டொராண்டோவில் மூத்தவள் கலாவதியோடா? கல்யாணமாகிப் பத்து வருடமாகத் தகப்பனோடு இருக்கக் கிடைக்காத சிவகௌரி, புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

"அப்பாவுக்கு ஒரு சொட்டு மணந்தாலும் அடுத்த பிளேனிலை கனடா போயிடுவார். பிறகு நான் அவரை எப்ப பாக்கிறது?"

ஆகவே பப்புக்குப் போவது நின்றது. மாமனார் தினமும் வாசலுக்கே வந்து, "களைச்சுப் போனீர் தம்பி" என்று பையை வாங்கும்போது அவன் மூச்சின் மணத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வார். மூன்று கிழமை பொறுத்த பத்மநாதன், இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில், மருந்துக்கடையின் கீழ்த்தட்டில், வீட்டிலேயே பியர் காய்ச்சும் பெட்டியைக் கண்டான். மருந்துக்கடைப் பையோடு வரும் மருமகனை உலகத்தில் எந்த மாமனாரும் சந்தேகப்பட மாட்டார். மனிதர் எட்டு மணிக்கே படுத்துவிடுவார். அதன்பிறகு ஒரு கிளாஸ், மணம் மறைக்க மேலே ஒரு கராம்பு. யாருக்கும் நட்டமில்லை.

சிவகௌரி வாளியைக் கண்ட அன்று அவன் வாய் அவனைக் கேளாமலே பதில் சொன்னது.

"வால்பேப்பர் பசை. ரெண்டு கிழமை ஊற வேணும். மூடியைத் திறக்கக் கூடாது."

அடுத்த நாளே அவள் எட்டுச் சுருள் வால்பேப்பர் வாங்கி வந்துவிட்டாள். ரோசாப்பூப் போட்டது.

"அப்பாவின்ரை அறைக்கு ஒட்டுவம். அறை வடிவா இருந்தால் மனம் மாறி இஞ்சையே நிண்டிடுவார்."

அவள் அந்தச் சுருள்களைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தபோது பத்மநாதனுக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனால் பியரை ஊற்றிவிடும் அளவுக்குச் சுருக்கென்னவில்லை.

ஏழாம் நாள் பின்னேரம் அவன் வீல்ட்ஸ்டோனில் பியர் சாமான் விற்கும் கெவினிடம் போனான். கெவின் இருபது வருடமாக வாளியும் தானுமாக வாழ்கிறவன்.

"ஈஸ்ட் ஒரு பசித்த பிராணி," என்றான் கெவின். "சீனி இருக்கும்வரை தின்னும், ஆடும். சீனி முடிந்தால் படுத்துவிடும். நாலு நாள். மிஞ்சினால் ஐந்து."

"ஏழு நாளாகிவிட்டது."

"நீ என்ன செய்தாய்?"

"ஒன்றும் செய்யவில்லை."

"ஒன்றும் செய்யாமல் இப்படி ஆகாது." கெவின் தாடியைச் சொறிந்தான். "சூடு கூடிவிட்டதுபோல. குளிர வை."

வாளி குளியல் தொட்டிக்குள், குளிர்ந்த தண்ணீரில் இறங்கியது. மாலைக்குள் நுரை அடங்கிற்று. பத்மநாதன் அன்று மாமனாரோடு சேர்ந்து தேவாரம்கூடப் பாடினான். மறுநாள் வேலையால் வந்து பார்த்தால், தொட்டியில் தண்ணீரே தெரியவில்லை. எல்லாம் நுரை.

வாசலில் தோளில் துவாயோடு அம்பலவாணர் நின்றார்.

"தம்பி, பசை குளிச்சு முடிச்சிட்டுதோ? எனக்கும் ஒருக்கால் குளிக்க வேணும்."

"இந்தா எடுக்கிறன் மாமா."

"பசையும் பொங்குமோ?"

"இங்கத்தைப் பசை அப்பிடித்தான் மாமா."

அம்பலவாணர் வாளியைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். "பொறுமையா இரும். எல்லாம் அடங்கும்," என்று முதுகில் தட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஒன்பதாம் நாள், கெவின் சொன்னபடி தடித்த குழாய் ஒன்றைச் செருகி, மறு முனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டான். நுரை போக வழி கிடைத்தது. கூடவே அலுமாரிக்குள்ளிருந்து குளுக், குளுக் என்று சத்தமும் வந்தது. அம்பலவாணரின் தேவாரத்துக்கு அது பிசகாமல் தாளம் போட்டது. புளித்த மணம் படியிறங்கிக் குசினிவரை வந்தது.

"என்ரை தோசை மாதான் பழுதாப் போச்சு," என்று சிவகௌரி ஒரு சட்டி நல்ல மாவைக் கொட்டினாள். "அப்பாவுக்கு எண்டு ஆசையா அரைச்சனான்." அவள் கண் கலங்கியது. பத்மநாதன் சட்டியைக் கழுவிக் கொடுத்தான். கல்யாணமாகி முதல்முறை சட்டி கழுவிய புருஷனை அவள் இன்னும் கவலையோடு பார்த்தாள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாலையானால் வாளி சாதுவாகிறது, மறுநாள் மத்தியானம் பேயாடுகிறது. தன்னைப்போல ஈஸ்டுக்கும் காலை ஷிப்டோ என்று யோசித்தான். பத்தாம் நாள், சத்தமும் மணமும் வெளியே வராதிருக்கக் குழாயைக் கழற்றி, ஓட்டையைத் தக்கையால் அடைத்து, மூடியை அழுத்தி, அதன்மேல் பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தான். வீடு அமைதியானது. ஏன் இதை முதலே செய்யவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு நித்திரையானான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆனந்தராஜா பிரஷோடு வந்து நின்றான். சிவகௌரியின் ஒன்றுவிட்ட தம்பி. ஈஸ்ட் ஹாமில் பாதி வீடுகளுக்கு வால்பேப்பர் ஒட்டியவன்.

"அக்கா வரச் சொன்னவ. பசை எங்கை அத்தான்?"

"நான் கடையிலை புதுசா வாங்கித் தாறன்," என்றான் பத்மநாதன்.

"அப்ப இவ்வளவு நாளா ஊறினது?" என்றாள் சிவகௌரி.

"அது... கட்டியாப் போச்சு."

"பதினொரு நாள் ஊறின பசையை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை," என்றான் ஆனந்தராஜா. "ஒருக்கால் பாப்பம்." சத்தம் கேட்டு அம்பலவாணரும் அறையிலிருந்து வந்தார். பத்மநாதன் குறுக்கே பாய்வதற்குள் ஆனந்தராஜா அரிசி மூட்டையைத் தூக்கிவிட்டான்.

மூடி முதலில் போனது. அதன் பின்னால் நுரை போனது. கூரையில் பட்டு, திரும்பி வந்து, ஒட்டுவதற்கு எடுத்து வைத்த எட்டுச் சுருள் ரோசாப்பூவையும், சிவகௌரியையும், அம்பலவாணரின் வெள்ளை வேட்டியையும் ஒரேயடியாக நனைத்தது. மூக்கு நுனியில் தொங்கிய நுரையை ஆனந்தராஜா நாக்கால் எட்டித் தொட்டான்.

"பசை திறம், அத்தான்."

சிவகௌரி படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பத்மநாதன் பன்னிரண்டாவது பொய் ஒன்றைத் தேடிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"மாமா, உது பியர். நான்தான் காய்ச்சினனான். சிவகௌரிக்கு ஒண்டும் தெரியாது. என்னிலை இருக்கிற கோவத்திலை அவளை விட்டிட்டுப் போயிடாதேங்கோ. இனி நான் தொடமாட்டன்."

"அப்பா, கனடாவுக்குப் போறீங்களோ?" என்றாள் சிவகௌரி.

அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் நனையாத ஓர் இடம் தேடித் துடைத்தார்.

"வரேல்லை எண்டு கலாவதிக்குப் போன கிழமையே போனிலை சொல்லிப்போட்டன்."

"போன கிழமையோ? ஏனப்பா?"

"மருமகன் அழிஞ்சு போறதைப் பாத்துக்கொண்டு போக ஏலுமோ பிள்ளை? உதின்ரை வெறி இனிப்பிலை முறியட்டும் எண்டு நான் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி ஒரு பேணி சீனி உதுக்குள்ளை போட்டுக்கொண்டு வாறன். நான் போனால் ஆர் போடுறது?"