திட்டினால்தான் ஒரிஜினல்

"ஏன் தம்பி, நான் திட்டலன்னா என் சூப்பு போலியா?"

மெங் பொக்சில் அம்மா நகராட்சிச் சுற்றுலாப் பிரிவுக்குப் புகாரோடு வந்து, கையேட்டை மேசைமேல் விரித்துவைத்துக் கேட்டபோது, குமாஸ்தா பியோ கில்நாம் தான் எழுதிய பக்கத்தையே குனிந்து பார்த்தார். கொரியாவின் பூசான் நகரத்துக்கு வரும் பயணிகளுக்கு அதில் யோசனை எழுதிய புண்ணியவான் அவர்தான். பன்றிக்கறிச் சூப்புச் சந்தில் ஏழு கடைகள். ஏழிலும் 'ஒரிஜினல்' என்று பலகை. எதில் நுழைவது? பதினான்காம் பக்கத்தில் கில்நாம் தீர்ப்பே எழுதிவிட்டார்: 'முதலாளியம்மா திட்டுகிற கடையே ஒரிஜினல்.'

பொக்சில் அம்மாவுக்குத் திட்ட வராது. சந்தில் முதன்முதலில் திறந்த கடையே அவருடையதுதான். ஆனாலும் பத்து நாளாக ஈ ஓட்டுகிறார்.

பிரிவுத் தலைவி சன் மேடம் இனிமையாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் புகார் முடியணும். இல்லன்னா திங்கள்லேர்ந்து உங்களுக்குக் குப்பைப் பிரிவு."

கில்நாம் சந்துக்கு ஓடினார். மற்ற ஆறு முதலாளியம்மாக்களிடமும் கையேட்டைக் காட்டி, கொஞ்சம் குறைத்துத் திட்டும்படி கெஞ்சினார்.

"ஓ, திட்டினா கூட்டம் வருதா?" என்றார் ஒருவர். அதுவரை மூன்று பேர்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்குள் ஆறு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ஜெர்மன்காரர் அழுதுகொண்டே காவல் நிலையம் போனார். இப்போது புகார் இரண்டு.

வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல் பொக்சில் அம்மாவுக்கே பாடம் எடுக்க உட்கார்ந்தார் கில்நாம்.

"என்னையே திட்டிப் பழகுங்கம்மா."

"நீங்க... கொஞ்சம் தப்பு பண்றீங்களோன்னு தோணுது தம்பி."

"இது திட்டா?"

"கோவமாத்தானே சொன்னேன்? சூப்பு ஆறுது, சாப்பிடுங்க."

கில்நாம் ஒரு வாய் குடித்தார். அமிர்தமாக இருந்தது. மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணியா இருக்கு. ஒரே எலும்பை எத்தனை நாளா வேகவைக்கிறீங்க?"

பொக்சில் அம்மா மெதுவாகத் திரும்பினார். கையில் பெரிய கரண்டி இருந்தது.

"அடேய் காகிதப் பூச்சி. மேசைமேல வெச்சிருக்கிற உப்பு இறாலைப் போடாமக் குடிச்சிட்டு என் சூப்பையா தண்ணிங்கிற? உனக்கெல்லாம் நாக்கு எதுக்குடா, தபால் தலை ஒட்டவா?"

அவர் கரண்டியோடு துரத்த, கில்நாம் ஒற்றைச் செருப்போடு சந்து முழுக்க ஓடினார். ஆறு முதலாளியம்மாக்களும் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பொக்சில் அம்மா கடை வாசலில் நின்ற வரிசை மெட்ரோ ரயில் நிலையம் வரை நீண்டிருந்தது. "புகாரை வாபஸ் வாங்கிட்டேன் தம்பி" என்று சொல்லி, ஒரு கிண்ணம் நிறையக் கறியை அள்ளிப் போட்டார் அவர். ஜெர்மன்காரரும் வரிசையில் நின்றார்; அவர் புகாரும் போயே போச்சு. சன் மேடம் தொலைபேசியில் கூப்பிட்டு, "திங்கக்கிழமை நீங்க இங்கதான். அடுத்த கையேடும் நீங்களே எழுதுங்க" என்றார்.

கில்நாமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் எழுத்துக்கு இத்தனை சக்தியா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசை நெடுக நடந்தார். கடைசியில் தேகு நகரத்திலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்தாள்.

"பதினாலாம் பக்கம் படிச்சிட்டுத்தானே வந்தீங்க?" என்று கேட்டார்.

அவள் கைபேசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் கைபேசியைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்? சார், இந்த வீடியோல ஒத்தச் செருப்போட ஓடுறது நீங்கதானே? இன்னிக்கு எத்தனை மணிக்கு ஓடுவீங்க?"