நடாஷாவின் முகப்பரு மாத்திரையும் என் காவல் வேலையும்

சூசையப்பர் துணை
ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த சவுந்தரம் அக்காவுக்கு, தம்பி வில்லியம் எழுதுவது. இங்கே நானும் மகள் நடாஷாவும் நலம். சுங்கை பாக்காப்பில் நீங்களும் மச்சானும் உங்கள் முழங்கால்களும் நலமாயிருக்க மன்றாடுகிறேன்.

நடாஷாவுக்கு முகப்பரு முற்றிப்போய், தோல் டாக்டர் சாந்தினி மாத்திரை கொடுத்தார் அல்லவா? கொடுக்கும்போதே, "அங்கிள், சில பேருக்கு இது மனசைப் பாதிக்கலாம். ரொம்பச் சோர்ந்துபோனா உடனே கூப்பிடுங்க" என்றார். அன்றிலிருந்து நான் காவல்காரன். அவள் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று பயம், சிரிக்காவிட்டால் அதைவிடப் பயம். குளியலறைக் கதவைத் தட்டி, "அழுவுறியாம்மா?" என்றேன். "பல்லு வெளக்குறேன்ப்பா, போங்கலா!" என்றாள். தோழிகளோடு லிட்டில் இந்தியாவுக்குப் போனவளைப் பின்தொடர்ந்து, ஒரு சேலைக்கடைப் பொம்மைக்குப் பின்னால் ஒளிந்தேன். "அண்ணே, அண்ணிக்கா பாக்குறீங்க? என்ன கலர்?" என்று கடைப்பெண் கேட்டுவிட்டாள். என் ரெஜினா இறந்துபோனது அவளுக்கு எப்படித் தெரியும்? வாய் தானாகப் "பச்சை" என்றது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் பிள்ளை உண்மையாகவே ஒடுங்கிப்போனாள். கல்லூரி இல்லை, சாப்பாடு இல்லை, அறைக்கதவு எந்நேரமும் சாத்தியே கிடந்தது. நான் வெளியே தரையில் உட்கார்ந்து கதவோடு பேசினேன். கடைசியில், "ஏன்னு தெரியலப்பா, எல்லாமே வெறுத்துப்போச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கட்டியிருந்த கைலியோடேயே காரை எடுத்து அவளைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவளிடம் தனியாக நெடுநேரம் பேசினார், மாத்திரையை நிறுத்தினார், மனநல மருத்துவரிடமும் அனுப்பினார். "மாத்திரைதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியாது அங்கிள். ஆனா தள்ளிப்போடாம வந்தீங்க பாருங்க, அதான் நல்லது" என்றார். இப்போது மெல்லத் தேறிவருகிறாள். பருவும் திரும்பி வந்துவிட்டது. மகளின் பருவைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட தகப்பன் பினாங்கிலேயே நான் ஒருவன்தான். நேற்று போனில் தோழியோடு பெருஞ்சண்டை போட்டாள், கேட்கக் கேட்க எனக்கு வயிறு நிறைந்தது.

ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. எங்களைப் பார்க்க இந்த வெயிலில் பஸ் ஏறி அலைய வேண்டாம். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பேச்சுத்துணைக்கும் குறைவில்லை.

மச்சானுக்கு என் வணக்கம். மாதா உங்கள் வீட்டைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
தம்பி வில்லியம்

பி.கு.: அன்று கிளினிக்கிலிருந்து கிளம்பும்போது டாக்டர் சாந்தினி, "நீங்க எப்படி இருக்கீங்க அங்கிள்?" என்று கேட்டார். அழுதுவிட்டேன் அக்கா. நடாஷாதான் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. சனிக்கிழமையே வந்துவிடுங்கள்.