டாக்டர் ஸ்கொயர்

மருத்துவக் கல்லூரியில் பல ரகம் உண்டு. புரொபசர் தும்மினாலும் குறிப்பெடுத்துக்கொள்ளும் ரகம், பரீட்சைக்கு முதல் நாள்தான் நூலகத்துக்கு வழி கேட்கும் ரகம், ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து முதல் நோயாளியாகத் தானே சேர்ந்துகொள்ளும் ரகம். இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் காட்டப்போகிறவர் கொஞ்சம் அபூர்வம். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அது போதாதென்று, ஆராய்ச்சி செய்து வாங்கும் இன்னொரு டாக்டர் பட்டத்துக்கும் பேர் கொடுத்துவிட்டவர். கூடப் படித்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் டாக்டர் ஸ்கொயர். கேலிக்காக வைத்ததுதான். நம்மவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். எலிகள் மட்டுமே வசிக்கும் லேபுக்குக் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வருவார். எந்த எலியும் அவரிடம் நெஞ்சைக் காட்டி வலிக்கிறது என்று சொன்னதாகத் தகவல் இல்லை. வார்டுக்கோ, எலி வாசனை அடிக்கும் லேப் கோட்டோடு போவார். கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள் தொங்கும். எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடத்துக்கு உதவாத அட்டைதான் முன்னால் திரும்பியிருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள்.

"ஜன்னல் ஓரத்து பேஷண்டுக்கு ரத்தம் எடுத்தாச்சா?" என்பார் வார்டில் பெரிய டாக்டர்.

"சார், லேப்ல ஒரு எக்ஸ்பெரிமெண்ட் ஓடிட்டிருக்கு சார். பாதியில விட முடியல."

ஆராய்ச்சி என்றதும் பெரிய டாக்டர் அடங்கிவிடுவார். லேபுக்கு வந்தால் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு அம்மா காத்திருப்பார்.

"அந்தக் கட்டுரையத் திருத்தித் தர்றேன்னு சொன்னியே?"

"மேடம், வார்டுல டியூட்டி. உயிர் விஷயம் மேடம்."

உயிர் என்றதும் கைடு அம்மாவும் வாயை மூடிக்கொள்வார். அப்படியென்றால் நம்மவர் வேலை பார்ப்பதுதான் எங்கே? அதையெல்லாம் கேட்கக் கூடாது.

இப்படியே காலம் ஓடியது. கூடப் படித்தவர்கள் பெயர்ப்பலகை மாட்டினார்கள். நோட்ஸ் கேட்டுப் பின்னாலேயே சுற்றிய ஜூனியர்களை நம்மவரே 'சார்' போட்டுக் கூப்பிட வேண்டி வந்தது. அத்தை ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எப்பத்தான்பா முடிப்ப?"

"எதை அத்தை?"

"எதையாவது."

கேட்காத ஒரே ஆள் அப்பா. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். வாடிக்கையாளர் மூக்கில் ஃபிரேமை மாட்டி, காதுப் பக்கம் வளைத்துக்கொண்டே, "என் பையன் ரெண்டு டாக்டருக்குப் படிக்கிறான்" என்று ஆரம்பிப்பார். கண்ணாடி சரியாகும்வரை வாடிக்கையாளருக்கும் தப்பிக்க வழி கிடையாது. மகன் ஆராய்வது எலியின் இதயத்தை. ரத்தக் குழாய் சுருங்கினால் அது எப்படித் திணறுகிறது என்பதை. அதையும் சொல்லிவிட்டுத்தான் பில் போடுவார்.

அந்த அப்பாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர்கள் வீடு இருந்த, லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நெஞ்சுல யாரோ பாரம் வெச்ச மாதிரி இருக்குடா. மூச்சு வாங்குது. கொஞ்சம் பாரேன்."

நம்மவர் பார்த்தார். டாக்டராகப் பார்த்திருந்தால் முதலில் நாடியைப் பிடித்திருப்பார். அன்றைக்கென்று பார்த்து அவருக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரர் முந்திக்கொண்டார்.

"வெயில்ல வந்தீங்களா? கையில பை இருந்துச்சா? சாப்பிட்டதும் ஏறினீங்களா? இவ்வளவு காரணம் இருக்கும்போது இதயம்னு எப்படிப்பா சொல்றது? ஒரு தடவை நடந்தா அது வெறும் சம்பவம். மூணு தடவை நடந்தாத்தான் டேட்டா. நாளைக்கும் நாளன்னைக்கும் இதே நேரத்துக்கு, வெறுங்கையோட ஏறிப் பாருங்க."

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, நீ டாக்டர்தானே? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயேன்."

"நான் இப்போ ரிசர்ச் பக்கம் இருக்கேன்மா. வார்டு டியூட்டி வந்ததும் காட்டிடலாம்."

அவருடைய லேபிலும் எலிகளைச் சக்கரத்தில் ஓடவிடுவதுண்டு. எலிக்கு மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் விலங்கு நலக் குழு ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். எலிகளுக்காகக் கேட்க ஒரு குழுவே இருந்தது. அப்பாவுக்கு மகன் மட்டும்தான் இருந்தார்.

மறுநாள் அப்பா ஏறினார். உற்சாகமாகவே ஏறினார். இரண்டு டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை சொன்னால் அதில் அர்த்தம் இல்லாமலா போகும்? பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, "இன்னிக்கும் வந்துச்சுடா!" என்று நல்ல சேதி போலக் கத்தினார். நம்மவர் குறித்துக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தங்கையும் கீழ்வீட்டுக்காரரும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். போன் வந்ததும் நம்மவரும் லேபிலிருந்து ஓடினார். அவசரப் பிரிவில் இருந்தது அவரிடம் நோட்ஸ் வாங்கிப் படித்த அதே ஜூனியர்.

"முந்தாநாளே ஆரம்பிச்சிருக்கு. நீங்க வீட்லதானே இருந்தீங்க? பல்ஸ் எப்படி இருந்துச்சு? பிரஷர் பாத்தீங்களா?"

அப்பாதான் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு பதில் சொன்னார்.

"அவனைத் திட்டாதீங்க டாக்டர். மூணு தடவை ஏறிப் பாக்கச் சொன்னான். நான்தான் மூணாவதைப் பாதியில விட்டுட்டேன்." பிறகு மகன் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்: "அந்த ரெண்டு போதுமாடா?"

இதற்கு வார்டில் சொல்லும் பதிலும் பொருந்தவில்லை, லேபில் சொல்லும் பதிலும் பொருந்தவில்லை. நம்மவர் அழுதார். நல்ல வேளையாக அடைப்பை நீக்கிவிட்டார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். நீக்கியவர் ஒரே ஒரு டாக்டர்தான்.

உச்சுக் கொட்டுகிறீர்களா? கொட்டுங்கள். நமக்கிருக்கும் ஒற்றைப் பட்டமே பீரோவில் தூங்குகிறது, இந்தக் கதை நமக்கெதற்கு என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆபீஸில் வேலையைக் கேட்டால் "வீட்டுல கொஞ்சம் பிரச்சனை சார்" என்பதும், வீட்டில் கூப்பிட்டால் "ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை" என்பதும் யாராம்? அதற்குக் கல்லூரி எதிலும் சேர வேண்டியதில்லை. சற்று முன்புகூட உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவையும் கூப்பிடட்டும் என்றா உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்து போங்கள்.