பதினான்காம் பயிற்சியை எழுதிய மகான்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் இவளும் பெண்ணும் சுகம், என் காது நீங்கலாக. அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த டிரம்பெட்டை உங்கள் தம்பி மகள் இரண்டு வருஷமாக ஊதுகிறாள். பாட்டாவது ஊதினால் பரவாயில்லை. எப்போதும் ஒரே பயிற்சிப் புத்தகம். நாற்பது பயிற்சிகளில் பதினான்காவதைக் கேட்டால் கட்டிப்போட்ட மாடும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். கீழ்வீட்டில் தனியாக இருக்கும் தையல்காரர் வாரம் இரண்டு புகார், நாள் நேரம் குறித்து எழுதிக் கதவடியில் செருகுவார். நான் கிழித்துப் போடுவேன். இப்போது பரீட்சைக்கு அந்தப் புத்தகத்தை எழுதிய மகானின் வாழ்க்கைக் குறிப்பும் இரண்டு பக்கம் வேண்டுமாம். கொடுக்காவிட்டால் ஊதவே விடமாட்டார்களாம். எங்கேயும் கிடைக்கவில்லை என்று பெண் கண்ணைக் கசக்கினாள். என் வாய் சும்மா இருக்குமா? பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன், "இவ்வளவுதானா, அப்பா பாத்துக்கறேன்" என்றேன்.

முதலில் அவளுடைய வாத்தியாரிடம் போனேன். முப்பது வருஷமாக அந்தப் புத்தகத்தை வைத்துப் பிழைக்கிறவர், எழுதியது யார் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். இசைக் கல்லூரிப் பேராசிரியர் தலையணை போல ஒரு அகராதியை எடுத்துப் போட்டார். மூன்றே வரி. அதன்படி மனிதர் இறந்து ஆறு வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார். கேட்டால், "பதினோரு அறிஞர்கள் சேந்து எழுதினதுங்க" என்கிறார். ஒருவர் எழுதியிருந்தால் உயிரோடு இருக்கும்போதே கல்யாணம் ஆகியிருக்கும்.

மகான் இதே ஊர்க்காரர் என்பது மட்டும் நிஜம். நகராட்சி ஆவண அறைக்குப் போனேன். குமாஸ்தா கொட்டாவிக்கு நடுவே, "அவர் பேர்ல புகார்தான் இருக்கு, பரவால்லையா?" என்றார். ஒரு பெட்டி நிறைய அறுபத்திரண்டு மனுக்கள், அத்தனையும் மகானின் கீழ்வீட்டுக்காரர் எழுதியவை. மேதை என்று அவரைப் பற்றி ஒரு ஆள் ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதற்கு மட்டும் ஆள் இருந்திருக்கிறது. 'நேற்று முதல் ஒரு மனைவியும் வந்து காலால் தாளம் போடுகிறாள்' என்று ஒன்று. ஆயிற்றா, கல்யாணத் தேதி கிடைத்தது. 'குழந்தை அழுகிறது, குழலைவிடத் தேவலை' என்று இன்னொன்று. நான் சிரித்துச் சிரித்துக் குறித்துக்கொண்டேன். கடைசி மனு மட்டும் சின்னது. 'எட்டு நாளாக மேலே சத்தமில்லை. யாராவது போய்ப் பார்க்கவும்.' அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் புகார்களை வைத்தே இரண்டு பக்கம் எழுதிப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். பரீட்சைக்காரர் உதட்டைப் பிதுக்கினாராம். "புகாரெல்லாம் ஒரு ஆதாரமாம்மா?"

உங்கள் தம்பி மகள் சொல்லியிருக்கிறாள்: "தேதி போட்டிருக்கு சார். செத்தப்புறம் கல்யாணம் பண்ணல."

ஊதச் சொல்லிவிட்டார். தேறிவிட்டாள். ஆகவே அண்ணா, வந்த வேலை முடிந்தது. அடுத்த ஞாயிறு வந்து டிரம்பெட்டை எடுத்துப் போய்விடுங்கள், புண்ணியமாகப் போகும்.

அண்ணிக்கு வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள், யாரும் அவர்களுக்குக் குழல் வாங்கித் தராமல் நீடூழி வாழட்டும்.

காதில் பஞ்சுடன்,
உங்கள் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போதுதான் உறைத்தது. பரீட்சைக்காகப் பெண் நாள் முழுக்க ஊதியும், பத்து நாளாகத் தையல்காரரிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. உடனே பெண்ணை அவர் கட்டிலுக்கு நேர்மேலே நிறுத்திப் பதினான்கை ஊதச் சொன்னேன். பாதியில் கழியால் கீழிருந்து இடித்தார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. சாயங்காலம் புகாரும் வந்தது, காய்ச்சலில் படுத்திருந்தாராம். அதைக் கிழிக்கவில்லை, ஃபைலில் போட்டிருக்கிறேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம்.